கத்திக்கு முன் கல்லை வாங்குங்கள்

விருதுநகர் மாவட்டத்துக் கூமாப்பட்டியில் பார்க்க ஒன்றுமே இல்லை என்று ஒரு வாசகர் இந்த வாரம் தொலைபேசியில் குறைபட்டுக்கொண்டார். குடும்பத்தோடு மதுரையிலிருந்து கார் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். பிளவக்கல் அணையில் இறங்கிக் குளிக்க விடவில்லையாம். கடைவீதியில் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டாராம். போனை வைத்த பிறகும் எனக்கு மனசு ஆறவில்லை.

2025 ஜூனில் உள்ளூர் இளைஞர் ஒருவர் ஒரு வீடியோவில் தண்ணீருக்குள் நின்றுகொண்டு "ஏங்க" என்று கூப்பிட்டதும் தமிழ்நாடே கூமாப்பட்டிக்குக் கிளம்பியது. அந்தப் பையன் மேல் எனக்கு வருத்தமே கிடையாது. தன் ஊரைத் தன் வாயால் புகழ்ந்தான், அதில் என்ன தப்பு? வந்தவர்கள் மேல்தான் வருத்தம். பிளவக்கல் என்பது மலையடிவாரத்தில் பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள். கீழே கண்மாய்கள், நெல் வயல்கள், தென்னை, மா. இவை பாசனத்துக்காகக் கட்டிய அணைகள், குளிப்பதற்காக அல்ல. இதையெல்லாம் கண்மாய்களைப் பற்றி எழுதியபோதே சொல்லிவிட்டேன், திரும்பச் சொல்லப் போவதில்லை.

ஆனால் பார்க்க ஒன்றுமில்லை என்பதை மட்டும் விட முடியாது. அவர் டீ குடித்த அதே வீதியில் முடிதிருத்தும் கடை ஒன்று இருக்கிறது. உள்ளே நாற்காலிக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு தோல் வார் தொங்குகிறது. பல வருஷம் கத்தி ஏறி இறங்கி, நடுப்பகுதி கறுத்துக் கண்ணாடிபோல் ஆகிவிட்ட வார். கடைக்காரப் பெரியவரிடம் ஒரு ஜெர்மன் சவரக்கத்தி உண்டு. சோலிங்கன் முத்திரை. அவருடைய அப்பா காலத்துக் கத்தி. அதை அவர் வேறு யார் முகத்திலும் வைப்பதில்லை, தன் முகத்துக்கு மட்டும்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை என் அக்கா மகனை அவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். கல்யாணத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. பையன் சென்னையில் வேலை பார்க்கிறான். இணையத்தில் பார்த்து ஒரு சவரக்கத்தி வாங்கி வந்திருந்தான். மரப்பெட்டி, உள்ளே வெல்வெட், பிரஷ், கிண்ணம், அலகு முழுக்க அலை அலையாகக் கோடுகள். "டமாஸ்கஸ் ஸ்டீல், மாமா" என்றான். பெரியவர் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டுக் கத்தியை மட்டும் எடுத்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அலகின் வாயை ட்யூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பிறகு மேசையில் இருந்த சாணைக்கல்லைத் துடைத்து, அதன் மேல் கத்தியைப் படுக்கவைத்து ஒரு விரலால் லேசாக அழுத்தினார். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. எதிர்முனையை அழுத்தினார், இந்தப் பக்கம் தூக்கிக்கொண்டது.

"தம்பி, இது கோணல். இன்னும் தீட்டவும் இல்ல. கோணலை வச்சுக்கிட்டு எத்தன நாள் தீட்டினாலும் ஒரு பக்கம்தான் வெட்டும், ஒரு பக்கம் புடுங்கும்" என்றார்.

பையன் முகம் வாடிவிட்டது. எனக்கோ அந்த அலைக் கோட்டைப் பார்த்ததும் பழைய கோபம். இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு என் கொடுமணல் பேச்சு புதிதல்ல. இந்த முறை சவரக்கத்தியின் வழியாக அங்கே போகிறேன்.

ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் இருக்கிறது கொடுமணல். சங்க காலத்தில் அங்கே மூசையில் வைத்து எஃகு உருக்கியிருக்கிறார்கள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1980களில் தோண்டியபோது உலைகளும் மூசைகளும் கிடைத்தன. இரும்பைக் கரியோடு சேர்த்துச் சின்ன மண் மூசையில் அடைத்து, வாயைப் பூசி, உலையில் வைத்து உருக்கி மெதுவாக ஆறவிடுவது அந்த முறை. கரி அதிகம் ஏறிய எஃகுக் கட்டி கிடைக்கும். தென்னிந்தியாவில் பல இடங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரைக்கும் இந்த வேலை நடந்தது. டமாஸ்கஸ் வாள்கள் என்று மேற்காசியாவில் பெயர்பெற்ற வாள்களில் பல இந்தக் கட்டிகளிலிருந்து அடித்தவைதான். அந்த வாள்களின் அலகில் தெரிந்த அலைக்கோடு எஃகுக்குள்ளிருந்தே வந்த கோடு. இன்று மரப்பெட்டியில் வருவது இரண்டு விதத் தகடுகளை அடுக்கி அடித்து, அமிலத்தில் தோய்த்து வரவழைத்த கோடு. அப்படி அடித்தும் நல்ல கத்தி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கோட்டைக் காட்டிக் கத்தி விற்கிறவர்களில் பெரும்பாலோர் வாயைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

சவரக்கத்திக்கு வருகிறேன். 1795இல் ஜார்ஜ் பியர்சன் என்பவர் லண்டன் ராயல் சொசைட்டியில் இந்த இந்திய எஃகைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். லண்டனில் அறுவைக் கருவிகளும் சவரக்கத்திகளும் செய்து விற்ற ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அந்த எஃகை வாங்கி உருக்கி, அடித்து, பதம் போட்டுப் பார்த்தார். ஐரோப்பாவின் சிறந்த எஃகைவிட இதுவே மேல் என்று தன் கடை அட்டையில் அச்சடித்தே கொடுத்தார். பிற்பாடு மைக்கேல் ஃபாரடேயைச் சேர்த்துக்கொண்டார். மின்சாரத்தால் நாம் அறிந்த அதே ஃபாரடே, ஒரு கொல்லரின் மகன். 1820இலும் 1822இலும் இருவரும் எஃகுக் கலப்புகளைப் பற்றிக் கட்டுரைகள் வெளியிட்டார்கள். இந்திய எஃகின் ரகசியத்தைப் பிடிக்க வேண்டும் என்பதுதான் அந்த ஆராய்ச்சியின் தொடக்கம். தாங்கள் உருக்கிய கலப்பு எஃகில் சவரக்கத்திகள் செய்து நண்பர்களுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். நம் பக்கத்து எஃகு லண்டன்காரர்களின் தாடையில் ஓடிப் பெயர் வாங்கியிருக்கிறது. இதைப் பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் சொல்லவில்லை. இன்றைய பிள்ளைகளுக்காவது சொல்ல வேண்டும்.

வாங்கிய பெயரைக் காக்கவும் வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு வாங்கியபோது கொண்டாடினோம். சோலிங்கன்காரர்கள் இதை 1938லேயே செய்துவிட்டார்கள். அந்த ஊரில் செய்யாத கத்தியில் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று ஜெர்மனியில் சட்டமே போட்டார்கள். எஃகு தந்த நமக்கோ சொல்லிக்கொள்ள ஒரு சவரக்கத்திப் பட்டறை இல்லை.

சரி, பையனுக்கு எந்தக் கத்தி வாங்குவது? பெரியவர் விளக்கியதையும் நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். சவரக்கத்தியின் அகலத்தை அங்குலத்தில் எட்டில் ஒரு பாகக் கணக்கில் சொல்வார்கள். எட்டில் ஐந்து, எட்டில் ஆறு என்றால் புதியவருக்கு அளவானது. ஐந்தைவிடக் குறைந்தால் அலகு கையில் நிற்காது. ரொம்ப அகலமானால் மூக்குக்குக் கீழே திருப்ப முடியாது. முனை வட்டமாக இருக்கட்டும். கூர்முனை அழகுதான், ஆனால் பழகாத கையில் காதோரம் கீறிவிடும். அலகின் இரண்டு பக்கமும் உட்குழிவாகத் தேய்த்த கத்தி லேசாக இருக்கும், சீக்கிரம் தீட்டிவிடலாம். ஆப்புபோல் தடித்த பழைய ஷெஃபீல்டு வகைக்குக் கனம் அதிகம், கல்லில் நேரமும் அதிகம். சாதாரணக் கார்பன் எஃகு துரு ஏறும், ஆனால் நம் கல்லில் படிந்து தீட்டும். துருப்பிடிக்காத எஃகில் வாய் எடுப்பது புதியவர் கைக்குக் கஷ்டம். சவரம் முடிந்ததும் துடைத்துக் காயவைத்துத் தேங்காய் எண்ணெய் ஒரு பூச்சு பூசிவைத்தால் கார்பன் கத்தி பேரன் காலம் வரைக்கும் நிற்கும்.

புதிய சோலிங்கன் கத்தி இன்று பத்தாயிரத்தைத் தாண்டிவிடும். பழைய கத்தி கிடைத்தால் அதற்கே என் ஓட்டு. பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். முதுகில் துரு இருந்தால் பரவாயில்லை, வாய் ஓரத்தில் குழி விழுந்த துரு இருந்தால் தொடாதீர்கள். நகத்தை வாய் ஓரமாக ஓட்டினால் விரிசல் இருந்தால் தட்டுப்படும். கத்தியை மூடும்போது அலகு கைப்பிடியின் இரண்டு பட்டைகளுக்கும் நடுவே இறங்க வேண்டும், ஒரு பட்டையில் உரசினால் ஆணி தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். முதுகு தேய்ந்து தட்டையாகியிருந்தால் யாரோ கல்லில் அதிகமாகத் தேய்த்துத் தள்ளிவிட்டார்கள். தீட்டும்போது முதுகும் வாயும் சேர்ந்துதான் கல்லில் படுகின்றன, சாய்மானத்தைக் காப்பது முதுகுதான். அது போனால் எல்லாம் போச்சு. கடைசியாகப் பெரியவர் செய்த சோதனை. கல்லில் படுக்கவைத்து அழுத்தினால் ஆடக் கூடாது.

அதனால்தான் கல்லை முதலில் வாங்கச் சொல்கிறேன். ஒரு நயமான கல், ஒரு தோல் வார். வாரில் போடும்போது முதுகு முன்னே போக வேண்டும், வாய் பின்னே வர வேண்டும். திருப்பும்போது முதுகின் மேலேயே புரட்ட வேண்டும். தப்பினால் வாரும் போகும், வாயும் போகும். இதை வீடியோ பார்த்துப் படிக்க முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்தில் ஒருவர் நின்று "அழுத்தாத, அழுத்தாத" என்று சொல்லும்போது கைக்கு வருவது வேறு.

கடைகளில் இந்தக் கத்தி ஏன் மறைந்தது என்பதையும் சொல்ல வேண்டும், மறைந்தது நல்லதுக்குத்தான். 1986இல் சென்னையில் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பிறகு வந்த பயத்தில் ஆளுக்கு ஆள் புது பிளேடு என்ற வழக்கம் ஊர் ஊராகப் பரவியது. காகிதத்தைப் பிரிக்காமலே பிளேடை இரண்டாக ஒடித்து, பாதியைக் கத்திப் பிடியில் சொருகி, சவரம் முடிந்ததும் உங்கள் கண்ணெதிரே வீசிவிடுகிறார்களே, அதை விடாதீர்கள். மஞ்சள் காமாலைக் கிருமி எச்.ஐ.வி.யைவிடச் சுலபமாக ரத்தம் பட்ட கத்தியில் தொற்றும். ஒரே கத்தியைப் பத்துப் பேர் முகத்தில் வைக்கும் காலம் திரும்ப வேண்டாம். சவரக்கத்தி ஒருவருக்கு ஒன்று. பெரியவர் தன் சோலிங்கனைத் தன் முகத்துக்கு மட்டும் வைத்திருப்பதும் அதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. இந்தக் கத்தியின் பழைய பெருமையைப் பேசும்போது அதன் பழைய சிறுமையை மறைக்கக் கூடாது. நம் பக்கத்துக் கிராமங்களில் அது எல்லார் முகத்தையும் தொட்டதில்லை. தலித்துகளுக்கு முடி வெட்ட மாட்டோம் என்ற கட்டுப்பாட்டை ஊர்ப் பெரியதனக்காரர்கள் நாவிதர் கையாலேயே நிறைவேற்றினார்கள். 1955இல் வந்து, 1976இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறிய சட்டம் அப்படிச் சேவை மறுப்பதைக் குற்றம் என்கிறது. மறுக்கச் சொன்ன ஊர், நாவிதரையும் மதித்ததில்லை. அவர் மருத்துவர், புண்ணுக்கு மருந்து போட்டவர். அவர் வீட்டம்மா மருத்துவச்சி, ஊரில் பாதிப் பேரைப் பூமிக்குக் கொண்டுவந்தவர். கூலியோ அறுப்புக் களத்தில் அளந்து போட்ட நெல். அறுபது வயது மனிதரைப் பத்து வயதுப் பையன் "வா, போ" என்று கூப்பிடுவான். அந்த வழக்கம் இன்னும் முழுதாக ஒழியவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் என் காதால் கேட்டேன்.

அக்கா மகன் கோணல் கத்தியைத் திருப்பி அனுப்பிவிட்டான். பெரியவர் தன் கருவிப்பையான அடைப்பத்திலிருந்து வேறொரு பழைய கத்தியை எடுத்துக் கொடுத்தார். சுடுதண்ணீரில் கழுவிக் கிருமிநாசினியில் ஊறவைத்து, புதிதாக வாய் எடுத்துத் தருகிறேன், இனி அது உன் முகத்துக்கு மட்டும் என்று சொல்லியிருக்கிறார். கூலி எவ்வளவு அண்ணாச்சி என்று கேட்டதற்கு, "இருக்கிறதைக் கொடுங்க" என்றார்.

நீங்கள் கத்தி வாங்குவதானால் முதலில் உங்கள் ஊரில் வார் தொங்கும் கடை எங்கே என்று விசாரியுங்கள். போய் உட்காருங்கள். அவரை "வாங்க, போங்க" என்று பேசுங்கள். தீட்டிக் கொடுக்கும் வேலைக்கு, ஒரு சவரத்தின் காசை அல்ல, அரை நாள் வேலையின் கூலியைக் கொடுங்கள். "இருக்கிறதைக் கொடுங்க" என்று அவர் சொன்னாலும் அதைக் கேட்காதீர்கள்.