கண் துடிச்சா பஞ்சாங்கம் பாக்காதீங்க

1/ ஆணுக்கு வலது கண் துடிச்சா நல்லது, பெண்ணுக்கு இடதுன்னு சொல்றத விடுங்க. ஒரு இமை மட்டும் லேசா துடிச்சா பெரும்பாலும் தூக்கம் பத்தல, டென்ஷன், காபி அதிகம். தானா நின்னுடும். சில வாரமாகியும் நிக்கலன்னா காட்டுங்க.

2/ என் கோவம் வேற. பூ விக்கிற ஒரு அம்மா ஓ.பி.க்கு வந்தாங்க. ரெண்டு கண்ணும் தானா இறுக மூடிக்குது. ரோடு கடக்க முடியல. மூணு வருஷமா தாயத்து, பரிகாரம். பேசும்போது மட்டும் கண் திறக்குதாம். அதனால வீட்டுல "நடிக்கிறா"ன்னு பேரு.

3/ நடிப்பு இல்லங்க. இது பிளெஃபரோஸ்பாசம். இமைத் தசைய மூளை இயக்குறதுல வர்ற கோளாறு. பேசினா, பாடினா, நெத்திப்பொட்டத் தொட்டா சிலருக்குக் கொஞ்ச நேரம் தளரும். நீங்க நடிப்புன்னு சொல்றதே இந்த நோயோட அடையாளம்!

4/ நடுவயசு தாண்டின பெண்களுக்கு அதிகம். ஆரம்பத்துல அடிக்கடி சிமிட்டல், உறுத்தல், வெளிச்சம் பட்டா கூசும்.

5/ ஒரு பக்கம் மட்டும் கண்ல ஆரம்பிச்சு வாய் வரைக்கும் இழுத்தா அது வேற. பெரும்பாலும் ரத்தக்குழாய் முக நரம்பை அழுத்துறது. எம்.ஆர்.ஐ. தேவைப்படும்.

6/ மருந்து? போடாக்ஸ் ஊசி. நடிகைங்க சமாச்சாரம்னு சிரிக்காதீங்க. 1989லயே அமெரிக்கா இத அனுமதிச்சது முகச் சுருக்கத்துக்கு இல்ல, இந்த மாதிரி கண் பிரச்சினைக்குத்தான். மூணு நாலு மாசத்துக்கு ஒருக்கா போடணும்.

7/ எங்க மேலயும் தப்பு இருக்கு. "டென்ஷன் ஆகாதம்மா"ன்னு சொட்டு மருந்து எழுதி அனுப்பினவங்க நாங்கதான். நீங்களாவது அவங்கள நம்புங்க. கண் டாக்டர்கிட்டயோ நரம்பு டாக்டர்கிட்டயோ கூட்டிட்டுப் போங்க.