ரேடியாலஜி வேண்டாம் என்பவர்களுக்கு

"ஸ்கேனை இனி ஏஐ படித்துவிடும், நீட் பிஜியில் நல்ல ரேங்க் வாங்கிவிட்டு ரேடியாலஜி எடுப்பது வீண்" என்கிறார்கள்.

முதலில், இது பழைய ஆரூடம். ரேடியாலஜிஸ்ட்டுகளுக்குப் பயிற்சி தருவதை நிறுத்துங்கள் என்று ஏஐ முன்னோடி ஜெஃப்ரி ஹின்டன் சொன்னது 2016இல். யார் நிறுத்தினார்கள்? பிரிட்டனில் இன்னமும் ஆள் பற்றாக்குறை.

இரண்டாவது, படம் படிப்பது மட்டும்தான் வேலையா? நள்ளிரவில் வயிற்றுவலியோடு வரும் சிறுவனின் அடிவயிற்றில் ப்ரோபை மெல்ல அழுத்தி, அவன் முகம் சுளிக்கும் இடத்தில் நிறுத்தி, வீங்கிய குடல்வாலைத் தேடுவது யார்? கல்லீரல் கட்டிக்குள் ஊசி செலுத்திச் சீழை வடிப்பது யார்?

மூன்றாவது, ரிப்போர்ட்டின் அடியில் கையெழுத்துப் போடுவது டாக்டர். தவறினால் பதில் சொல்வதும் அவரே.

தம்பி, தங்கைகளே! இந்த வேலை பிடித்திருந்தால் கவுன்சலிங்கில் அதையே முதல் விருப்பமாகப் போடுங்கள்.