ஒரு சர்வருக்கு எத்தனை ஐபி முகவரி வேண்டும்?

இணையதளம் தொடங்க ஹோஸ்டிங் வாங்கப் போகிறவர்கள் பணம் கட்டும் நேரத்தில் ஒரு கேள்வி வந்து நிற்கும்: "உங்கள் தளத்துக்குத் தனி ஐபி முகவரி வேண்டுமா?" மாதாமாதம் கூடுதல் கட்டணம். எதற்கு என்று தெரியாமலே பலர் 'டிக்' அடித்துவிடுகிறார்கள். ராசியான வண்டி நம்பருக்குப் பணம் கட்டுவது மாதிரிதான்!

வாங்குகிறவரின் பணம் மட்டும் வீணானால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் இதில் வீணாவது பொதுச்சொத்து.

ஒரே சர்வரில், ஒரே நெட்வொர்க் கார்டில், எத்தனை ஐபி முகவரிகளை வேண்டுமானாலும் சேர்க்கலாம். லினக்ஸில் முகவரிக்கு ஒரு வரிக் கட்டளை போதும். இருபது தளங்களுக்கு இருபது முகவரி கொடுத்தாலும் சர்வர் முணுமுணுக்காது. தட்டுப்பாடு முகவரியில்தான். ஐபிவி4 முகவரி 32 பிட் கொண்டது. ஆக மொத்தமே சுமார் 429 கோடி. உலக மக்கள்தொகையோ 800 கோடியைத் தாண்டிவிட்டது.

ஒரு காலத்தில் இந்தப் பழக்கத்துக்கு நியாயம் இருந்தது. ஆரம்பகால உலாவிகள் "இந்தப் பக்கத்தைக் கொடு" என்று மட்டும் கேட்கும். எந்தத் தளத்தின் பக்கம் என்று சொல்லாது. எனவே தளத்துக்கு ஒரு முகவரி தேவைப்பட்டது. 1997ல் வந்த எச்டிடிபி 1.1, தளத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்வதைக் கட்டாயமாக்கியது. அடுக்குமாடிக் கட்டடத்துக்கு ஒரே கதவு எண், உள்ளே ஆளின் பெயரைச் சொல்லி விசாரித்துக்கொள்ளலாம் என்பது போல.

அப்புறமும் ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. பாதுகாப்பான இணைப்பில், உலாவி தளத்தின் பெயரைச் சொல்வதற்கு முன்பே சர்வர் தன் சான்றிதழைக் காட்டியாக வேண்டும். யாருடைய சான்றிதழைக் காட்டுவது? இதற்கு 2003லேயே எஸ்என்ஐ என்ற தீர்வு வந்தது. இணைப்பின் முதல் செய்தியிலேயே பெயர் போய்விடும். விண்டோஸ் எக்ஸ்பியில் இருந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு இது புரியவில்லை. அந்த எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலில் நிறுத்தியது. காரணம் செத்துப்போனது. கட்டணம் மட்டும் உயிரோடிருக்கிறது!

இப்போது சொல்லப்படும் சாக்குகளைப் பார்க்கலாம்.

"தனி ஐபி இருந்தால் கூகுளில் முன்னால் வரும்." கூகுளின் மாட் கட்ஸ் 2006லேயே இதைக் கட்டுக்கதை என்று எழுதிவிட்டார்.

"பக்கத்துத் தளத்துக்காரர் குப்பை மின்னஞ்சல் அனுப்பினால் நம் அஞ்சலும் தடைபடும்." இது உண்மை. ஆனால் அதற்கு வேண்டியது அஞ்சல் அனுப்ப ஒரு நல்ல முகவரி. தளத்துக்கு ஒன்று அல்ல. அதோடு, தடைப்பட்டியல்கள் சில சமயம் முகவரித் தொகுப்பையே தடுத்துவிடும். அப்போது தனி ஐபியும் கைகொடுக்காது.

"ஒரு தளத்தைத் தடுத்தால் அதே முகவரியிலுள்ள எல்லாத் தளங்களும் மூடிக்கொள்ளும்." 2022ல் ஆஸ்திரியாவில் கிளவுட்ஃப்ளேரின் சில முகவரிகளைத் தடுத்தபோது சம்பந்தமே இல்லாத தளங்களும் முடங்கின. அங்கே தவறு, ஒரு கடையை மூடக் கடைத்தெருவையே பூட்டியவர்களுடையது.

இனி நஷ்டம் யாருக்கு என்று பார்க்க வேண்டும். உலக அளவிலான கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. ஆசியாவுக்கான ஏப்நிக் அதே ஏப்ரலில் கடைசித் தொகுப்பைத் தொட்டது. 2019 முதல் அங்கே புதிதாக வரும் நிறுவனத்துக்கு அதிகபட்சம் 512 முகவரிகள்தான். முன்னால் வந்தவர்களோ அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். 2011ல் நார்டெல் நிறுவனத்தின் 6,66,624 முகவரிகளை மைக்ரோசாஃப்ட் 75 லட்சம் டாலருக்கு வாங்கியது. 2024 பிப்ரவரி முதல் அமேசான் தன் கிளவுட் சேவையில் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர் வாங்குகிறது. மாதத்துக்கு மூன்றரை டாலருக்கு மேல். பெரிய கம்பெனிக்கு இது கடலை மிட்டாய்க் காசு. சொந்தமாகச் சின்ன சர்வர் வைத்துக் கற்றுக்கொள்ள நினைக்கும் மாணவனுக்கு அப்படியா? வீட்டு இணைப்பிலோ பல இடங்களில் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே பொது முகவரியைப் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். அங்கிருந்து சர்வர் நடத்தவே வழியில்லை. இந்தப் பக்கம் ஒரு சர்வர் காரணமில்லாமல் இருபது முகவரிகளைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

பல முகவரிகள் தேவைப்படும் இடங்களும் உண்டு. அஞ்சலைத் தனியே பிரிக்க, ஒரே போர்ட்டைக் கேட்கும் இரண்டு சேவைகளை நடத்த, ஒரு சர்வர் படுத்தால் முகவரியை இன்னொன்றுக்கு மாற்ற... கேட்கிறவர் காரணம் சொல்லட்டும், கொடுக்கலாம். ஹோஸ்டிங் நிறுவனங்கள் செய்ய வேண்டியதும் அதுதான்: காரணம் கேட்பது.

வெறும் ஆசைக்குத் தனி எண் வேண்டுமென்றால் ஐபிவி6 இருக்கிறது. அதில் ஒரு சர்வருக்கு வழக்கமாகக் கிடைக்கும் ஒரு தொகுப்பிலேயே உள்ள முகவரிகள், மொத்த ஐபிவி4 போல 429 கோடி மடங்கு. தளத்துக்கு ஒன்றென்ன, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்று வைத்துக்கொள்ளட்டும். யார் பங்கும் குறையாது.