வனஸ்பதியைக் காட்டிக்கொடுத்தது யார்?

போன மாதம் என்ன சாப்பிட்டோம் என்பதே நினைவில்லாதவர்களிடம் கேள்வித்தாளை நீட்டி வாங்கும் பதில் அறிவியலா என்று கேட்கிறார் ஒரு கட்டுரையாளர். உணவையும் நோயையும் இணைத்துப் பார்க்கும் மக்கள்தொகை ஆய்வுகளையே மூட்டைகட்டச் சொல்கிறார்.

மறதி உண்மைதான். அது ஆய்வாளர்களுக்குத் தெரியாது என்று நினைப்பதுதான் அபாண்டம். அமெரிக்கச் செவிலியர் ஆய்வில் 173 பெண்கள் நான்கு தடவை, தடவைக்கு ஒரு வாரம், தட்டில் விழுந்ததையெல்லாம் எடைபோட்டு எழுதினார்கள். கேள்வித்தாள் எங்கே பிசகுகிறது என்று அதோடு ஒப்பிட்டுத்தான் பார்த்தார்கள்.

1994இல் பின்லாந்தில் பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்த புகைபிடிப்பவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியதைச் சுட்டுகிறார். நியாயமான உதாரணம். ஆனால் காய்கறி, பழம் தின்றவர்களிடம் புற்றுநோய் குறைவாகக் கண்டதை ஒற்றை மாத்திரைக்கு நீட்டியதே அங்கே நடந்த பிழை.

வனஸ்பதியில் இருக்கும் டிரான்ஸ் கொழுப்பை மட்டும் ஏன் அவர் தொடவே இல்லை? 1990இல் நெதர்லாந்தில் தன்னார்வலர்களுக்கு அளந்து கொடுத்துப் பார்த்தபோது கெட்ட கொலஸ்ட்ரால் ஏறியது, நல்லது இறங்கியது. சில வாரச் சோதனை. மாரடைப்பு வருமா என்று அது சொல்லாது. 1993இல் அதைச் சொன்னது, 85,000க்கு மேற்பட்ட செவிலியர்களை எட்டு ஆண்டுகள் பின்தொடர்ந்த அதே கேள்வித்தாள் ஆய்வு. வேறு எப்படிக் கண்டுபிடிப்பதாம்? ஆயிரக்கணக்கானவர்களுக்கு வருடக்கணக்கில் வனஸ்பதி ஊட்டி, நெஞ்சுவலிக்குக் காத்திருப்பதா?

டென்மார்க் 2003இலேயே வரம்பு கட்டியது. எண்ணெய், கொழுப்புகளில் 2 சதவீதம் என்ற வரம்பு இந்தியாவுக்கு வந்தது 2022இல். அந்தத் தாமதத்துக்குக் கேள்வித்தாள் காரணமல்ல. அது சொன்னதை நம்ப மறுத்தவர்களும் ஒரு காரணம்.