திரும்ப இன்ஸ்டோல் பண்ணினால் சரியாகுமா?

லினக்ஸ் போட்ட லப்டொப் ஒன்று அப்டேற் முடிந்து மறுபடி ஓன் ஆகும்போது திரை கறுப்பாகவே நிற்கிறது. அல்லது திரை வருகிறது, ஆனால் எழுத்தெல்லாம் பூதம் மாதிரிப் பெரிசாக இருக்கிறது, ஒரு வீடியோவும் ஒழுங்காக ஓடாது. யாரைக் கேட்டாலும் ஒரே மறுமொழிதான்: "எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுத் திரும்ப இன்ஸ்டோல் பண்ணு."

இந்த மறுமொழி எங்களுக்கு உடன்பாடில்லை. திரும்ப இன்ஸ்டோல் பண்ணினாலும் உள்ளே இருக்கிறது அதே கிராபிக்ஸ் கார்ட்தான். யூ.எஸ்.பி.யில் இருக்கிற பழைய கேர்னல் வந்து கொஞ்ச நாள் ஓடும். அடுத்த அப்டேற்றோடு திரும்பக் கறுப்பு. இரண்டாம் தரம் இப்படி நடந்தால் அந்தப் பெடியனோ பிள்ளையோ லினக்ஸே சரியில்லை எண்டு முடிவெடுத்து, களவு விண்டோஸ் போடுகிற கடைக்குப் போய்விடுவார்கள். அவர்களில் பிழை சொல்ல ஏலாது.

இது பொழுதுபோக்குக்காரரின் கவலை மட்டுமல்ல. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14உடன் முடிந்தது. இன்ரெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தின லப்டொப்களில் அனேகமானவற்றை விண்டோஸ் 11 ஏற்காது. 2022 நெருக்கடிக்குப் பிறகு இலங்கையில் புது லப்டொப் வாங்குவது எத்தனை வீடுகளுக்கு ஏலும்? பழைய மெஷினைப் பாதுகாப்பாக இன்னும் நாலு வருசம் ஓட்டுவதற்கு லினக்ஸ் நல்ல வழி. அந்த வழியை ஒரு டிரைவர் அடைத்துவிடக் கூடாது.

என்ன நடக்கிறது எண்டு விளங்கினால் பயம் பாதி குறையும். இன்ரெல், ஏ.எம்.டி கார்ட்களின் டிரைவர் கேர்னலுக்குள்ளேயே இருக்கு. முப்பரிமாண வேலையை மீசா என்கிற திறந்த நூலகம் பார்க்கும். கேர்னல் மாறினால் டிரைவரும் கூடவே மாறும். என்விடியாவுக்கு இரண்டு டிரைவர். ஒன்று நூவோ. பெரும்பாலும் கம்பனியின் உதவியில்லாமல், கார்ட் எப்படி வேலை செய்கிறது எண்டு வெளியிலிருந்து பார்த்துப் பார்த்து ஆர்வலர்கள் எழுதினது. மற்றது கம்பனி தருவது. அது கேர்னலுக்கு வெளியே இருக்கு, ஒவ்வொரு கேர்னலுக்கும் ஏற்ற மாதிரித் தனியாகக் கட்டுப்பட வேண்டும். அந்தக் கட்டுமானம் பிழைத்தால் திரையில் ஒருத்தரும் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. கறுப்புத்தான்.

செக்கியூர் பூட்தான் எங்களுக்குக் கூடக் கோபம் வருகிற இடம். இது ஓனாக இருந்தால் கையொப்பமில்லாத டிரைவரைக் கேர்னல் ஏற்காது. அதனால் உபுண்டு மாதிரியான விநியோகங்கள் இன்ஸ்டோல் நேரத்தில் ஒரு கடவுச்சொல் கேட்கும். மறுபடி ஓன் ஆகும்போது ஒரு நீலத்திரை, முழுக்க ஆங்கிலத்தில். பத்து விநாடிக்குள் ஒரு கீயை அழுத்தி, சாவியைப் பதிகிற தெரிவுக்குப் போய், அந்தக் கடவுச்சொல்லைத் திரும்ப அடிக்க வேண்டும். விண்டோஸ் பழகினவர்களுக்கு நீலத்திரை எண்டாலே நெஞ்சு பதறும். விட்டுவிடுவார்கள். பிறகு டிரைவர் இருக்கு, ஆனால் ஏறாது. நூவோவையும் அந்த டிரைவர் ஏற்கனவே தடுத்து வைத்திருக்கும். பல லப்டொப்களில் எச்.டி.எம்.ஐ துளை என்விடியா பக்கத்தோடு இணைந்திருப்பதால், வீட்டில் எல்லாம் நல்லாயிருக்க, கம்பஸில் பிரசன்டேசன் அன்று புரொஜெக்ரரில் ஒன்றும் வராது. லினக்ஸ் போட்டுக் கொடுக்கிறவர் இந்த நீலத்திரையைப் பற்றி முதலே இரண்டு வசனம் சொல்லியிருந்தால் போதும்.

அழிப்பதற்கு முதல் செய்யக்கூடியவை இருக்கு. கொன்ட்ரோல், ஓல்ற், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அனேகமாக எழுத்துத் திரை ஒன்று வரும். வந்தால் மெஷின் உயிரோடதான் இருக்கு. ஓன் ஆகும்போது வருகிற கிரப் மெனுவில் முந்தின கேர்னலைத் தெரிவு செய்து பாருங்கள். அது ஓடினால், புதுக் கேர்னலுக்கும் டிரைவருக்கும்தான் சண்டை எண்டு தெரிந்துவிடும். உங்கட ஃபைல்களில் ஒன்றும் தொட வேண்டாம். ஓடாவிட்டால் அதே மெனுவில் நோமோட்செற் என்ற சொல்லைச் சேர்த்து உள்ளே போகலாம். ஆனால் யூடியூப் வீடியோக்கள் இதை நிரந்தர வைத்தியமாகச் சொல்வது அநியாயம். அந்தச் சொல் இருக்கும் வரைக்கும் கார்ட் வேலை செய்யாது, பிராசசரே எல்லாப் படத்தையும் வரையும், ஃபான் கத்தும். உள்ளே போய் டிரைவரைத் திருத்தினதும் எடுத்துவிட வேண்டும்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2012இல் பின்லாந்தில் ஒரு மேடையில் என்விடியாவுக்கு நடுவிரல் காட்டின வீடியோவை எங்கட குழுக்களில் இன்னும் பகிர்கிறார்கள். பார்க்கச் சந்தோசம்தான். கறுப்புத் திரைக்கு முன்னால் இருக்கிறவருக்கு அதால் ஒரு பிரயோசனமும் இல்லை. 2022இல் என்விடியா கேர்னல் பகுதியின் மூலநிரலைத் திறந்தது உண்மை. ஆனால் அது டியூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தினவைக்கும் மட்டும், அதாவது ஜி.டி.எக்ஸ் 16, ஆர்.டி.எக்ஸ் 20 வரிசை தொடக்கம். செக்கன்ஹாண்டில் எங்கட கைக்கு வருபவை கூடுதலாக அதுக்கு முந்தினவை. ஃபெர்மி கார்ட்களுக்கான 390 டிரைவர் 2022உடன் நின்றது, கெப்ளருக்கான 470 வரிசை 2024உடன். மக்ஸ்வெல், பாஸ்கல் கார்ட்களுக்குக் கடைசி வரிசை 580. புதுக் கேர்னல் வர வர இந்தப் பழைய டிரைவர்கள் பிழைத்துக்கொண்டே இருக்கும். ஆகவே செக்கன்ஹாண்ட் வாங்குகிற ஆட்களிடம் நாங்கள் சொல்வது: லினக்ஸ் போடுகிற எண்ணம் இருந்தால் பச்சை ஸ்ரிக்கரைப் பார்த்து ஆசைப்படாதேங்கோ, இன்ரெல் மட்டும் இருக்கிறது கரைச்சல் குறைவு.

ஏற்கனவே பழைய என்விடியா இருக்கிற வீட்டுக்கு நூவோவே காணும், பாடம் எழுதவும் படிக்கவும் படம் பார்க்கவும். 2014 தொடக்கம் வந்த ஜி.டி.எக்ஸ் 900, 1000 வரிசைகளில் நூவோவால் கார்ட்டின் வேகத்தைக் கூட்ட ஏலாது, கம்பனியின் கையொப்பமிட்ட ஃபேம்வெயர் அதை விடாது. பெரிய கேம் சரிவராது. லினக்ஸ் போட்டுக் கையில் கொடுக்கும்போதே தம்பிக்கு அதைச் சொல்லிவிடுங்கள்.