சின்ன ஏர்லைனில் பைலட் வேலை: சம்பளத்துக்கு முன்னால் கேட்க வேண்டியது என்ன?

அதிராம்பட்டினத்தில் விமானம் என்பது தூரத்து விஷயம் இல்லை. ஏர்போர்ட் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி திருச்சியில்தான் இருக்கிறது. ஆனாலும் துபாய்க்கோ சவூதிக்கோ ஆள் போகாத தெரு அதிரையில் குறைவு. அப்படிச் சம்பாதித்த காசில், அல்லது வயலை அடமானம் வைத்து, பிள்ளையைப் பைலட் படிப்புக்கு அனுப்பும் குடும்பங்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

செலவு தெரிந்ததுதான். 200 மணி நேரம் பறந்து கமர்ஷியல் லைசென்ஸ் வாங்கவே அரை கோடி போய்விடும். அதற்கு மேல் ஏர்பஸ் 320-ஓ ஏ.டி.ஆரோ, குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங் தனி. எல்லாம் சேர்த்தால் ஒரு கோடியை நெருங்கும். படித்து முடித்ததும் இண்டிகோவோ ஏர் இந்தியாவோ கூப்பிட்டால் பிரச்சினை இல்லை. கூப்பிடாதபோதுதான் சின்ன கம்பெனிகளின் விளம்பரம் கண்ணில் படும். எதில் சேரலாம் என்ற கணக்கும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இப்போது அந்த விளம்பரங்களுக்குப் பஞ்சமில்லை. 2025 டிசம்பரில் பைலட்டுகளின் ஓய்வு நேர விதி கடுமையானபோது, போதிய ஆள் இல்லாமல் இண்டிகோவில் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தானது ஞாபகம் இருக்கும். உள்நாட்டுப் பயணிகளில் 60 சதவீதத்துக்கு மேல் ஒரே நிறுவனத்தை நம்பியிருந்தால் இப்படித்தான் என்று எல்லோரும் பேசினார்கள். அதே மாதத்தில் கேரளத்தின் அல்ஹிந்த் ஏர், ஃப்ளை எக்ஸ்பிரஸ் ஆகியவற்றுக்கு மத்திய அரசு தடையில்லாச் சான்று கொடுத்தது. கோவாவின் ஃப்ளை91 ஏற்கெனவே 2024 மார்ச்சிலிருந்து பறக்கிறது. ஏர் கேரளாவுக்கு 2024 ஜூலையிலேயே சான்று கிடைத்தது. பறக்கும் தேதிதான் தள்ளிப்போனது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. தடையில்லாச் சான்று வேறு, பறப்பதற்கான ஏ.ஓ.சி. அனுமதி வேறு. முதலாவது, கம்பெனி ஆரம்பிக்கலாம் என்ற தலையசைப்பு மட்டுமே. ஏ.ஓ.சி. வாங்க விமானமும் வேண்டும், பைலட்டுகளும் வேண்டும். அதனால்தான் விமானம் வந்து இறங்கும் முன்பே ஆள் எடுக்கிறார்கள். அந்த ஆர்டரை வாங்கி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருப்பவருக்கு லாக்புக்கில் ஒரு மணி நேரம்கூட ஏறாது.

நம்ம ஊர் வரலாறு

தமிழ்நாட்டுக்கு இது புதுசில்லை. மதுரைக்காரர்கள் 2005-ல் தொடங்கிய பாரமவுன்ட் ஏர்வேஸ், முழுக்க பிசினஸ் கிளாஸ் இருக்கைகளோடு எம்ப்ரேயர் ஜெட்களைப் பறக்கவிட்டது. விமானங்களை வாடகைக்குக் கொடுத்தவர்களோடு தகராறு முற்றி 2010-ல் நின்றுபோனது. கோவையின் ஏர் கார்னிவல் 2016 ஜூலையில் சென்னைக்குப் பறக்கத் தொடங்கி, ஒரு வருடம்கூட ஓடாமல் 2017 ஏப்ரலில் நின்றது. விஜயவாடாவின் ஏர் கோஸ்டாவும் அதே 2017-ல் மூடியது. பெங்களூருவின் ஏர் பெகாசஸ் தாக்குப்பிடித்தது சுமார் 15 மாதம்.

இவர்கள் எல்லோரும் மோசமான நிர்வாகிகள் என்று சொல்லிவிட முடியாது. இரண்டு, மூன்று வாடகை விமானங்களை வைத்து நடத்தும் கம்பெனியில் ஒன்று பழுதானாலே வருமானத்தில் பாதியோ மூன்றில் ஒரு பங்கோ போய்விடும். வாடகை டாலரில், டிக்கெட் ரூபாயில். சிறு நகரங்களுக்குப் பறக்க உடான் திட்டம் மானியம் தருகிறது, ஆனால் மூன்று வருடத்துக்குத்தான். அதன் பிறகு என்ன ஆகும் என்பதற்கு 2023-ல் வந்த சி.ஏ.ஜி. அறிக்கையைப் பார்த்தாலே போதும். முதல் மூன்று சுற்றுகளில் ஒதுக்கிய 774 வழித்தடங்களில் பறக்கத் தொடங்கியவை 371. மூன்று வருடத்தை முடித்தவை 112. அதையும் தாண்டித் தொடர்ந்தவை 54.

சேலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரூஜெட் 2018 மார்ச்சில் சென்னை – சேலம் பறக்கத் தொடங்கி, 2021-ல் நிறுத்தியது. சேலத்துக்கு மறுபடி விமானம் வர 2023 அக்டோபர் ஆனது. பயணிக்கு ரயில் இருக்கிறது, பஸ் இருக்கிறது. அந்த ஏ.டி.ஆரை ஓட்டியவருக்கு? டைப் ரேட்டிங் அந்த ரக விமானத்துக்கு மட்டும்தான். கம்பெனி நின்றுவிட்டால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய சிமுலேட்டர் சோதனையைக்கூடச் சொந்தக் காசில்தான் செய்ய வேண்டும்.

அப்படியானால் சேரவே கூடாதா? அதுவும் சரியில்லை. சின்ன கம்பெனியில் கிடைக்கும் பெரிய சொத்து, பறக்கும் நேரம். கேப்டன் ஆவதற்கான லைசென்ஸுக்கு 1,500 மணி நேரம் வேண்டும். விதிப்படி வருடத்துக்கு 1,000 மணி நேரம் வரை பறக்கலாம். பெரிய கம்பெனியில் சீனியாரிட்டி வரிசையில் நிற்கிற நேரத்தில், இங்கே வலது சீட்டிலிருந்து இடது சீட்டுக்கு மாறிவிட வாய்ப்பு அதிகம். கம்பெனி மூடினாலும் லாக்புக்கை யாரும் பிடுங்க முடியாது. ஆனால் விமானம் ஓடினால்தான் இந்தக் கணக்கு ஓடும். எனவே சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: இன்றைய தேதியில் எத்தனை விமானம் பறக்கிறது, அதற்கு எத்தனை பைலட்டுகள், போன மாதம் ஒரு ஃபர்ஸ்ட் ஆஃபீசர் சராசரியாக எத்தனை மணி நேரம் பறந்தார்? பறந்தாலும் பறக்காவிட்டாலும் எத்தனை மணி நேரத்துக்குச் சம்பளம் உறுதி என்பதும் எழுத்தில் வேண்டும். எச்.ஆர். மழுப்பினால், அங்கேயே வேலை செய்கிற ஜூனியர் ஒருவரிடம் டீ சாப்பிட்டுக்கொண்டே கேட்டுவிடலாம்.

நோட்டீஸ் ஒரு பக்கத்துக்கு மட்டும்

எனக்கு நியாயமாகப் படாத விஷயம் வேறு. டி.ஜி.சி.ஏ.யின் 2017 விதிப்படி வேலையை விட கேப்டன் 12 மாதமும், ஃபர்ஸ்ட் ஆஃபீசர் 6 மாதமும் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கம்பெனி சம்மதித்தால் மட்டும் குறையும். 2023-ல் 43 பைலட்டுகள் நோட்டீஸ் காலத்தை முடிக்காமல் போனதாக ஆகாசா ஏர் நீதிமன்றத்துக்கே போனது. விமானங்கள் ரத்தாகி மக்கள் அவதிப்பட்டதால், ஆகாசாவின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் கம்பெனி எத்தனை நாள் நோட்டீஸ் கொடுக்கிறது? கோ ஃபர்ஸ்ட் 2023 மே 2-ம் தேதி திவால் மனு போட்டது. மறுநாளே விமானங்கள் நின்றன. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று காலையில் பறந்தது, இரவோடு நின்றது. சம்பள பாக்கிக்காக அதன் ஊழியர்கள் வருடக்கணக்கில் நீதிமன்றம் ஏறினார்கள். கடைசியில் 2024 நவம்பரில் சொத்துகளை விற்றுக் கணக்கை முடிக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். கல்லணைக் கால்வாயின் கடைமடையில் வயல் வைத்திருப்பவருக்கு இந்த வரிசையை விளக்க வேண்டியதில்லை.

விமானத்தை வாடகைக்கு விட்டவர்களுக்கு இந்த நிலை இல்லை. கோ ஃபர்ஸ்ட் விவகாரத்தில் சுமார் ஒரு வருடம் காத்திருந்த அவர்கள், இனி சீக்கிரம் விமானத்தை மீட்டுக்கொள்ள 2025-ல் தனிச் சட்டமே வந்துவிட்டது. முதலீடு வர அது தேவை என்கிறார்கள்; சரி. அதே வேகத்தில், ஏ.ஓ.சி. கொடுக்கும்போதே ஊழியர்களின் ஆறு மாதச் சம்பளத்துக்கு வங்கி உத்தரவாதம் கேட்டால் என்ன? ஃபர்ஸ்ட் ஆஃபீசரிடம் ஆறு மாத நோட்டீஸ் கேட்கிற அரசு, கம்பெனியிடமும் அதே ஆறு மாதத்தைக் கேட்கலாம்தானே? அதைக்கூட முன்வைக்க முடியாத கம்பெனி, விமானத்தை எப்படிப் பராமரிக்கும் என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

அது வரும்வரை, அதிரையில் ஆர்டர் காப்பியைக் கையில் வைத்திருக்கும் குடும்பம் ஒன்று செய்யலாம். பயிற்சிச் செலவுக்கான பாண்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், "கம்பெனியே நின்றுவிட்டாலோ, இரண்டு மாதம் சம்பளம் தராவிட்டாலோ இந்த பாண்ட் செல்லாது" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்க மாட்டோம் என்றால், அந்தக் காகிதத்தை வக்கீல் ஒருவரிடம் காட்டாமல் கையெழுத்துப் போட வேண்டாம்.