கீழாநெல்லியும் மருத்துவ மாணவரும்

ஏற்காட்டுக்கு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே, சேலத்தில் எத்தனை விதமாக மருத்துவம் படிக்கலாம்! அரசு மோகன் குமாரமங்கலம் கல்லூரியில் எம்.பி.பி.எஸ்., சிவராஜ் கல்லூரியில் சித்தா, விநாயகா மிஷன்ஸில் ஹோமியோபதி. ஊரை ஒட்டிக் கஞ்சமலை, அங்கே சித்தர் கோயில். மேலே சேர்வராயன் மலையில் தலைமுறைகளாகப் பச்சிலை பறித்துவரும் மலையாளி பழங்குடி வைத்தியர்கள். இத்தனையும் ஒரே மாவட்டத்தில். ஆனால் இந்தக் கல்லூரிகளின் பிள்ளைகள் எல்லோரும் ஒரே நோயாளியைச் சுற்றி உட்கார்ந்து பேச வேண்டும் என்று எந்தப் பாடத்திட்டமும் வற்புறுத்துவதில்லை.

மாற்று மருத்துவம் பற்றி மருத்துவ, நர்சிங், ஃபார்மசி மாணவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று பல நாடுகளில் ஆய்வு செய்திருக்கிறார்கள். பெரும்பாலும் வரும் பதில்: நல்ல அபிப்பிராயம் உண்டு, விவரம் தெரியாது, சொல்லிக் கொடுத்தால் கற்றுக்கொள்வோம். நம் பிள்ளைகளும் அப்படித்தான் இருப்பார்கள். டெங்குக் காலத்தில் நிலவேம்பும் கொரோனாவில் கபசுரமும் குடித்து வளர்ந்தவர்கள் அல்லவா? கல்லூரிக்குப் போனதும் சிலர் அதையெல்லாம் கேலி செய்யப் பழகுகிறார்கள். சிலர் முன்னோர் சொன்னது பொய்க்காது என்று விறைத்துக்கொள்கிறார்கள். இரண்டுமே படிக்காமல் தப்பிக்கும் வழி.

கீழாநெல்லியை எடுத்துக்கொள்வோம். மஞ்சள் காமாலைக்கு அதை அரைத்து மோரில் கலந்து கொடுக்காத தமிழ் வீடு அபூர்வம். 1988இல் சென்னையில் எஸ்.பி.தியாகராஜன் குழுவினர் அதைச் சோதித்து, 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பெற்ற பரூக் பிளம்பெர்க்கும் ஆசிரியர்களில் ஒருவர். ரத்தத்தில் அந்தக் கிருமியைச் சுமப்பவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்தார்கள். 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகம் நிமிர்ந்து பார்த்தது. பிறகு தாய்லாந்து உள்ளிட்ட இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. 2011இல் எல்லாச் சோதனைகளையும் திரட்டிப் பார்த்த காக்ரேன் ஆய்வும் உறுதியான ஆதாரம் இல்லை என்றே சொன்னது.

அப்படியானால் பாட்டி கொடுத்த மருந்து கேட்டதே, அது எப்படி? ஊரில் பரவலாக வரும் காமாலை பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ அல்லது ஈ. அசுத்தத் தண்ணீரால் வருவது. அநேகமாகச் சில வாரங்களில் தானே இறங்கிவிடும். குணமாக்கிய பெயர் கீழாநெல்லிக்குப் போய்ச் சேர்ந்தது. ஹெபடைடிஸ் பி உள்ளவரும் அதே பச்சிலையை நம்பி உட்கார்ந்தால் ஈரல் சுருங்கும்வரை தெரியாமலே போய்விடலாம். சென்னையில் தொடங்கிய இந்தக் கதையை எம்.பி.பி.எஸ். மாணவரும் கேட்க வேண்டும், சித்தா மாணவரும் கேட்க வேண்டும். முன்னவர் பச்சிலையையும் முறையாகச் சோதிக்கலாம் என்று அறிவார். பின்னவர் ஒரு சோதனையில் ஜெயித்தால் போதாது என்று அறிவார்.

ஆடுதின்னாப்பாளை கதை இன்னும் கடுமையானது. பூச்சிக்கும் விஷக்கடிக்கும் நம் வைத்தியர்கள் கொடுத்துவந்த செடி. அதே பேரினத்தைச் சேர்ந்த சீனச் செடி ஒன்று 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கும் மாத்திரையில் கலந்து, பல பெண்களின் சிறுநீரகத்தைக் கெடுத்தது; சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. 'மூலிகைதானே, பக்கவிளைவு கிடையாது' என்று சொல்லும் மாணவருக்கும், நோயாளியிடம் மூலிகை பற்றிக் கேட்கவே கேட்காத மாணவருக்கும் இது ஒரே பாடம்.

கேட்டாலும் எப்படிக் கேட்கிறோம் என்பது இருக்கிறது. "வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?" என்றால் மலைக்கிராமத்து அம்மா "ஒண்ணுமில்ல சார்" என்பார். போன தடவை உண்மையைச் சொல்லித் திட்டு வாங்கியிருப்பார். திட்டாமல் கேட்பதும் ஒரு பயிற்சி. மார்க் போட்டுச் சொல்லித்தர வேண்டியது.

ஆனால் நாம் எதற்குச் சண்டை போடுகிறோம்? 2022இல் மதுரை மருத்துவக் கல்லூரியில் ஹிப்போகிரேட்டஸ் உறுதிமொழிக்குப் பதில் ஆயுர்வேதத்தின் சரகர் உறுதிமொழி எடுத்தார்கள் என்று மாநிலமே கொதித்தது. டீன் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டு, பிறகு திரும்ப அமர்த்தப்பட்டார். எந்த உறுதிமொழி என்று பேசிய நேரத்தில் கால்வாசியாவது, என்ன பாடம் என்று பேசியிருக்கலாம்.

2021இன் பயிற்சி மருத்துவர் விதிகளில் இந்திய மருத்துவ முறை ஒன்றில் ஒரு வாரம் பயிற்சி பெற இடம் இருக்கிறது. கையெழுத்து வாங்கும் வாரமாக அது கழிந்துவிடக் கூடாது. எம்.பி.பி.எஸ். மாணவர் ஒருவர், சித்தா மாணவர் ஒருவர் என்று ஜோடியாக ஏற்காடு அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். காமாலையோடு வருகிற ஒவ்வொருவருக்கும் எந்தக் கிருமி என்று ரத்தப் பரிசோதனை, வீட்டிலும் வைத்தியரிடமும் என்ன சாப்பிட்டார், எத்தனை நாளில் இறங்கியது, யாருக்கு இறங்கவில்லை: இருவரும் ஒரே நோட்டில் எழுதட்டும். சேர்வராயன் மலை மூலிகைகளைப் பட்டியலிட்டுக் கட்டுரை வெளியிட்டவர்கள் பலர். யாருக்குக் கேட்டது, யாருக்குக் கேட்கவில்லை என்று பின்தொடர்ந்து எழுதினால் அந்த மலை வைத்தியர்களுக்கும் ஒரு பிரதி கொடுக்கலாம். சேலத்தின் அரசு மருத்துவக் கல்லூரியும் சித்த மருத்துவக் கல்லூரியும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் இருக்கின்றன. கிண்டியிலிருந்து ஒரு சுற்றறிக்கை போதும், அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்கிவிடலாம்.